5 கோடி பவுண்டு முழங்கால்: ஃபெர்னாண்டோ டோரஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

2011 ஜனவரி 31. குளிர்கால டிரான்ஸ்ஃபர் கெடு முடிய இன்னும் சில மணி நேரமே பாக்கி. லிவர்பூலின் ஸ்பானிய ஸ்ட்ரைக்கர் ஃபெர்னாண்டோ டோரஸை 5 கோடி பவுண்டு கொடுத்து செல்சி தூக்கிக்கொண்டு போனது. அதுவரை பிரிட்டனில் எந்தக் கிளப்பும் ஓர் ஆட்டக்காரருக்கு இவ்வளவு பணம் கொட்டியதில்லை. அந்த உச்சவிலையை 2014 வரை யாரும் தாண்டவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே நாளில்தான் செல்சி தன் ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. நஷ்டம்: 7 கோடியே 9 லட்சம் பவுண்டு.

பிறகு நடந்தது கால்பந்து பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். லிவர்பூலுக்காக 102 லீக் ஆட்டங்களில் 65 கோல் போட்டவர், செல்சிக்காக 110 லீக் ஆட்டங்களில் போட்டது 20. ஆளில்லாத கோலை விட்ட வீடியோ, கேலிப் படங்கள், ‘பணத்துக்குப் போனான், பட்டான்’ என்ற சாபம். லிவர்பூல்காரர்களுக்கு அவர் துரோகி, செல்சிக்காரர்களுக்கு அவர் தண்டச் செலவு. ஆனால் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: டோரஸ் கெட்டுப்போனது அந்த ஜனவரியில்தான் என்று.

தேதியே தப்பு என்பது என் கட்சி. அந்த ஆட்டம் கெட்டது அதற்கு ஒன்பது மாதம் முன்னால், 2010ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில், வலது முழங்காலில். ஜனவரி 31இல் நடந்தது, நடந்து முடிந்துவிட்ட ஒன்றின் மேல் விலைச்சீட்டு ஒட்டப்பட்டது மட்டும்தான். அந்த விலையும் அவர் காலைப் பார்த்துப் போட்ட விலை இல்லை. இது இரண்டும்தான் இந்த ஆய்வின் சாரம். மற்றதெல்லாம் சாட்சியம்.

எப்படிப்பட்ட ஸ்ட்ரைக்கர்?

மாட்ரிட் நகரத்தை ஒட்டியுள்ள ஃபுவன்லப்ராடாவில் 1984 மார்ச் 20 அன்று பிறந்தவர். தாத்தா அத்லெட்டிகோ மாட்ரிட் ஆதரவாளர்; பேரனுக்கும் அது தொற்றிக்கொண்டது. 2001 மே மாதம், 17 வயதில், அத்லெட்டிகோவின் முதல் அணியில் அறிமுகம். அப்போது கிளப் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 19 வயதில் கேப்டன். ‘எல் நின்யோ’, அதாவது பொடியன், என்று செல்லப்பெயர் வைத்துவிட்டு, ஒரு பெரிய கிளப்பின் மொத்தச் சுமையையும் அந்தப் பொடியன் தலையிலேயே ஏற்றினார்கள். 2007இல் கிளம்பும் வரை 244 ஆட்டங்கள், 91 கோல்கள். அந்த ஆறு வருடத்தில் அத்லெட்டிகோ ஒரு முறைகூட, ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் வாசலை மிதிக்கவில்லை.

அவர் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள 2007 ஆகஸ்ட் 19 அன்று லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் போட்ட முதல் லிவர்பூல் கோல் ஒன்றே போதும். எதிரணி செல்சி. இடது பக்கம் லிவர்பூல் கேப்டன் ஜெரார்டின் பாஸ் வருகிறது. எதிரே டிஃபெண்டர் டால் பென் ஹைம். டோரஸ் பந்தைக் காலடியில் நிறுத்தவே இல்லை. உள்ளே வெட்டுவதுபோல் ஒரு பாவனை, அடுத்த கணம் பந்தை டிஃபெண்டரின் வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டு அதன் பின்னால் ஓட்டம். பென் ஹைம் திரும்புவதற்குள் இவர் பெனால்டி பாக்ஸுக்குள். வலது காலால், தூரத்து மூலைக்கு, தரையோடு தரையாக. கோல் கீப்பர் செக் நீண்டு விழுந்தும் பயனில்லை.

இதில் மாயவித்தை எதுவும் இல்லை. மெஸ்ஸி மாதிரி பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு நான்கு பேரைத் தாண்டுகிற ஆள் இல்லை டோரஸ். சொல்லப்போனால் முதல் தொடுகை பல நேரம் முரடாகத்தான் இருக்கும். பந்து காலிலிருந்து இரண்டு மூன்று கஜம் விலகிப் போகும். ஆனால் முன்னால் காலி இடம் இருந்து, கால்களில் வேகமும் இருந்தால், அந்த முரட்டுத் தொடுகையே ஆயுதமாகிவிடும். பந்து ஓடும், அவரும் ஓடுவார், டிஃபெண்டர் பின்தங்குவார். வேகம் ஒரு பிடி குறைந்தால் அதே தொடுகை வெறும் தடுமாற்றமாகிவிடும். பிற்பாடு செல்சியில் ‘இவனுக்குப் பந்தை நிறுத்தவே தெரியவில்லையே’ என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அவருக்கு எப்போதுமே தெரியாது. முன்பு நிறுத்தவேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சியாளர் ரஃபா பெனிட்டஸ் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார். டோரஸ் கடைசி டிஃபெண்டரின் தோளை உரசியபடி நிற்பார், அவருக்குப் பின்னால் ஜெரார்டு, அதற்கும் பின்னால் நீளப் பாஸ் அடிக்கிற சாபி அலோன்சோ. பந்து பறிபோன எதிரணி திரும்பி வருவதற்குள் மூன்று தொட்டலில் கோல். முதல் சீசனிலேயே 33 லீக் ஆட்டங்களில் 24 கோல். இங்கிலாந்தில் வெளிநாட்டு வீரர் ஒருவர் தன் முதல் சீசனில் போட்ட அதிகபட்சம் அப்போது அதுதான். ஒரு லீக் சீசனில் 20 கோலைத் தாண்டிய லிவர்பூல் ஆள் ராபி ஃபவுலருக்குப் பிறகு, அதாவது 1995–96க்குப் பிறகு, இவர்தான் முதல்.

2008 ஜூன் 29, வியன்னா, யூரோ இறுதி ஆட்டம், 33ஆவது நிமிடம். சாவி தட்டிவிட்ட பந்துக்கு ஜெர்மனியின் ஃபிலிப் லாம் முன்னிலையில் இருந்தார். உடம்பை வைத்து மறைத்தால் போதும், பந்து கீப்பர் லேமன் கைக்குப் போயிருக்கும். டோரஸ் லாமின் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து, ஓடிவந்த லேமனின் மேலாகப் பந்தை மெல்ல உயர்த்திவிட்டார். ஸ்பெயின் 44 வருடத்துக்குப் பிறகு ஒரு பெரிய கோப்பையை வென்றது அந்த ஒரே கோலில். அந்த வருடம் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது வாக்கெடுப்பில் ரொனால்டோ, மெஸ்ஸிக்கு அடுத்தபடி மூன்றாவது இடம்.

மான்செஸ்டர் யுனைட்டெட் ரசிகர்கள் மறக்க நினைக்கிற ஓர் ஆட்டம் 2009 மார்ச் 14. அவர்கள் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் லிவர்பூல் 4–1. ஸ்கர்டெல் தூக்கியடித்த பந்து தரையில் பட்டு எழும்புவதை விடிச் தப்பாகக் கணித்தார். அரை நொடித் தயக்கம். அதற்குள் டோரஸ் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே முரட்டு டிஃபெண்டர் என்று பெயரெடுத்தவர் விடிச். அவரையே பதற வைக்க டோரஸின் வேகம் பற்றிய பயம் ஒன்றே போதுமாக இருந்தது.

உடம்பின் கணக்கு

26 வயதில் செல்சிக்குப் போகும்போது அவர் கிளப்புகளுக்காக மட்டும் 386 ஆட்டங்கள் ஆடியிருந்தார். ஸ்பெயினுக்காக ஆடியது தனி. கோடைகளை எண்ணிப் பாருங்கள்: 2004 யூரோ, 2006 உலகக் கோப்பை, 2008 யூரோ, 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை, 2010 உலகக் கோப்பை. மற்ற ஆட்டக்காரர்கள் கடற்கரையில் காலை நீட்டிக்கொண்டிருந்த மாதங்களில் இவர் ஸ்பானிய ஜெர்சியில் ஓடிக்கொண்டிருந்தார்.

முதல் எச்சரிக்கை 2008–09 சீசன். தொடையின் பின்தசை திரும்பத் திரும்பப் பிடித்தது. ஒரு தடவை நாட்டுக்காக ஆடும்போது, மற்றதெல்லாம் கிளப்பில். லீக்கில் 24 ஆட்டம்தான் ஆட முடிந்தது, 14 கோல். லிவர்பூல் அந்த வருடம் நான்கே புள்ளியில் பட்டத்தைக் கோட்டைவிட்டது. அவர் முழுசாக ஆடியிருந்தால் என்ற ஏக்கம் ஆன்ஃபீல்டில் இன்னும் ஓயவில்லை. வேகத்தை நம்பிப் பிழைக்கிற ஸ்ட்ரைக்கருக்குப் பின்தொடைத் தசைதான் சொத்து. அது ஒரு தடவை கிழிந்தால் மறுபடி கிழியும் வாய்ப்பு கூடும் என்பது பிசியோக்கள் எல்லாரும் சொல்கிற பாலபாடம்.

ஆனாலும் தசை ஆறக்கூடியது. அடுத்த சீசனில் அதை நிரூபித்தார். 2009 டிசம்பர் கடைசியில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக, 90 நிமிடம் முடிந்த பிறகான காயநேரத்தில் போட்ட கோல் லிவர்பூலுக்காக அவருடைய 50ஆவது லீக் கோல்; 72 ஆட்டங்களில். அந்தக் கிளப் வரலாற்றில் அவ்வளவு சீக்கிரம் அந்த எண்ணைத் தொட்டவர் அதற்குமுன் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, 2010 ஜனவரி 13, ரெடிங்குடன் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். டோரஸ் பாதி ஆட்டத்திலேயே வெளியேறினார். வலது முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை. சில வாரங்களில் திரும்பி வந்தார், கோலும் போட்டார். ஏப்ரலில், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் பென்ஃபிகாவுக்கு எதிராக இரண்டு. பத்தே நாளில் அதே முழங்காலுக்கு மறுபடி கத்தி. சீசன் முடிந்தது.

மெனிஸ்கஸ் என்பது மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு. ஓடுகிற வேகத்தில் சட்டென நின்று திரும்பும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது அதுதான். நேர்கோட்டில் ஓடும்போதும் அது வேண்டும். ஆனால் நின்று, முறுக்கி, திரும்பி, மறுபடி பாயும்போதுதான் அதற்குப் பெரிய சோதனை. டோரஸின் பிழைப்பே அந்தப் பாய்ச்சல்தான். மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை திறந்த மூட்டுக்கு நிதானமாக ஆறுமாதம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் ஜூனில் உலகக் கோப்பை.

தென்னாப்பிரிக்காவில் ஸ்பெயின் கோப்பையை வென்றது. டோரஸ் ஒரு கோல்கூடப் போடவில்லை. அரையிறுதிக்கு அவரை உட்காரவைத்து பெட்ரோவை இறக்கினார்கள். இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் டேவிட் வியாவுக்குப் பதில் உள்ளே வந்தவர், ஆட்டம் முடிகிற நேரத்தில் இடுப்படித் தசையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். சக வீரர்கள் உலகச் சாம்பியன்களாகிக் குதித்துக்கொண்டிருந்தபோது இவர் நொண்டிக்கொண்டிருந்தார். செல்சியின் மருத்துவக் குழு தனியாக ரகசிய ஸ்கேன் எதுவும் எடுக்க வேண்டியதே இல்லை, உலகமே டி.வி.யில் பார்த்தது.

எண்கள் சொல்வதைக் கேட்போம். லீக்கில் மட்டும் பார்த்தால், 2009–10இல் 22 ஆட்டத்துக்கு 18 கோல், ஆட்டத்துக்கு 0.82. அவர் வாழ்க்கையிலேயே இதுதான் உச்ச வேகம். 2010–11இன் முதல் பாதியில், இன்னும் லிவர்பூல் ஜெர்சியில் இருக்கும்போதே, 23 ஆட்டத்துக்கு 9: 0.39. செல்சியில் மொத்தமாக 0.18. சரிவில் பாதிக்கு மேல் விற்பனைக்கு முன்பே நடந்துவிட்டது.

‘அலோன்சோ போனதால்தான் டோரஸுக்குப் பாஸ் வரவில்லை’ என்று ஒரு வாதம் உண்டு. அலோன்சோ ரியல் மாட்ரிடுக்குப் போனது 2009 ஆகஸ்டில். அவர் இல்லாத அந்த சீசனில்தான் 0.82. ஆக அந்த வாதம் நிற்காது. பெனிட்டஸ் போனதால் என்பவர்களுக்குப் பதில் பின்னால் வருகிறது.

லிவர்பூலின் நிலைமையும் சேர்ந்து கெட்டது என்பதை மறுக்கவில்லை. உரிமையாளர்கள் ஹிக்ஸும் கில்லெட்டும் கிளப்பைக் கடனில் மூழ்கடித்தார்கள். பெனிட்டஸ் 2010 ஜூனில் போனார், மாஸ்கெரானோ ஆகஸ்டில் போனார், ராய் ஹாட்ஸன் வந்தார். அக்டோபரில் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கும் இடத்தில் கிடந்தது. அந்தச் சூழலில் எந்த ஸ்ட்ரைக்கரும் முகம் தொங்கிப்போய்த்தான் இருப்பார். ஆனால் நவம்பர் 7 அன்று ஆன்ஃபீல்டில் ஒரே ஓர் ஆட்டத்தில் பழைய டோரஸ் திரும்பி வந்தமாதிரி இரண்டு கோல் போட்டார். எதிரணி எது தெரியுமா? செல்சி. அந்த 2–0தான் செல்சி முதலாளியின் மனதில் ஒட்டிக்கொண்டது என்று நான் நினைக்கிறேன். வாங்குகிறவர் கண்ணில் படும் நாளில் மட்டும் சரக்கு மின்னியது.

விலையை யார் போட்டார்கள்?

இந்த விவகாரத்திலேயே சுவாரசியமான பகுதி இதுதான். ஆனால் அதிகம் பேசப்படாததும் இதுதான்.

லிவர்பூலின் புதிய உரிமையாளர் ஜான் ஹென்றி பிற்பாடு ஒரு பேட்டியில் மறைக்காமல் சொன்னார்: எங்களுக்கு டோரஸின் விலை முக்கியமில்லை, டோரஸை விற்கிற விலைக்கும், அவருக்குப் பதிலாக நியூகாசிலிடமிருந்து ஆண்டி கரோலை வாங்குகிற விலைக்கும் நடுவில் ஒன்றரைக் கோடி பவுண்டு நிற்க வேண்டும், அது போதும். கரோல் 2 கோடி என்றால் டோரஸ் 3.5 கோடி. கரோல் 2.5 என்றால் டோரஸ் 4. நியூகாசில் பிடிவாதம் பிடித்து 3.5 கோடி கேட்டது. ஆகவே டோரஸ் 5 கோடி.

அதாவது, நான்கு வருடம் டோரஸின் முதுகில் தொங்கிய அந்த ‘5 கோடி’ என்ற பலகையை எழுதியது செல்சியும் இல்லை, லிவர்பூலும் இல்லை. இந்தப் பேரத்தில் டோரஸோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நியூகாசில், வேறொரு ஆட்டக்காரருக்காகக் கேட்ட விலையின் எதிரொலி அது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள்கூட அதற்கு முன்னால் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே மாடு ஒரு சந்தையில் நிற்க, விலை வேறொரு சந்தையில் முடிவானது. ஜனவரி 27, 28 வாக்கில் தொடங்கிய பேச்சு நான்கைந்து நாளில் முடிந்தது. கெடு நாளின் அவசரத்தில் யாருக்கும் 0.39 என்ற எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

செல்சி நாட்கள்

விதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அட்டவணை குறும்பானது. பிப்ரவரி 6 அன்று செல்சிக்காக முதல் ஆட்டமே லிவர்பூலுக்கு எதிராக. ஒரு மணி நேரம் தாண்டியதும் செல்சி பயிற்சியாளர் அன்செலோட்டி அவரை வெளியே எடுத்தார். சிறிது நேரத்தில் மெய்ரெலஸ் கோல் போட, லிவர்பூல் 1–0.

செல்சி பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஆடுகிற அணி. எதிரணிகள் பதினோரு பேரும் பெனால்டி பாக்ஸ் விளிம்பில் சுவர் கட்டி நிற்பார்கள். டோரஸ் ஓடுவதற்கு டிஃபெண்டருக்குப் பின்னால் இருப்பது பத்து கஜம், அதற்கப்பால் கோல் கீப்பர். இந்த மாதிரி ஆட்டத்துக்குச் செல்சியின் இன்னொரு ஸ்ட்ரைக்கர் ட்ரோக்பா பொருத்தம்: முதுகைக் கொடுத்துப் பந்தை வாங்குவார், இரண்டு பேர் மேலே விழுந்தாலும் அசைய மாட்டார். டோரஸுக்கு அந்த வேலை ஒருநாளும் வந்ததில்லை. நெரிசலுக்குள் அந்த முரட்டு முதல் தொடுகை நேராக எதிராளி காலுக்கே போனது.

முதல் கோல் ஏப்ரல் 23 அன்று, வெஸ்ட் ஹாமுக்கு எதிராக, கொட்டுகிற மழையில். அனெல்கா தள்ளிய பந்து தேங்கிய தண்ணீரில் சிக்கி அப்படியே நின்றது. டோரஸ் திரும்பி அடிக்க அவகாசம் கிடைத்தது. பந்தை நிறுத்தும் வேலையைக் குட்டை செய்து கொடுத்தது.

2011 செப்டம்பர் 18, ஓல்ட் டிராஃபோர்டு. இந்த ஆட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதில் இரண்டு டோரஸும் இருக்கிறார்கள். இடைவேளை முடிந்த கையோடு அனெல்காவின் பாஸ்; டோரஸ் ஓடிப் போய், முன்னால் வந்த யுனைட்டெட் கீப்பர் டி ஹேயாவின் மேலாக வலது காலின் வெளிப்பக்கத்தால் பந்தைத் தூக்கிவிட்டார். அசல் கோல். 83ஆவது நிமிடத்தில் ராமிரெஸ் நடுவே பிளந்து கொடுத்த பந்து. டோரஸ் மறுபடி தனியாக. டி ஹேயாவைச் சுற்றிப் போகிறார். கீப்பர் தரையில், கோலில் ஈ காக்கா இல்லை, ஏழெட்டு கஜம்தான். கடினமான பகுதி முடிந்துவிட்டது. பந்து இடது காலுக்கு வருகிறது. உடம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பந்து கம்பத்துக்கு வெளியே உருண்டது. டோரஸ் முழங்காலிட்டு மண்ணில் முகம் புதைத்தார்.

அதே ஆட்டத்தில் ரூனி பெனால்டி அடிக்க வந்து வழுக்கி விழுந்து பந்தை வெளியே அடித்தார். அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? யுனைட்டெட் 3–1 ஜெயித்தது, ரூனியின் விலைப்பலகையில் 5 கோடி என்று எழுதியிருக்கவும் இல்லை.

அக்டோபரில் கெங்க் அணிக்கு எதிராக இரண்டு கோல். அதற்குப் பிறகு 2012 மார்ச் 18 வரை ஒன்றுமே இல்லை: 24 ஆட்டங்கள், 25 மணி 41 நிமிடம். நடுவில் பயிற்சியாளர் வில்லாஸ்-போவாஸ் வேலை போய், டி மத்தேயோ வந்தார். வறட்சி முடிந்தது எஃப்.ஏ. கோப்பையில் லெஸ்டருக்கு எதிராக.

மனச்சுமை என்று ஒன்று இருந்ததா? நிச்சயம் இருந்தது. மிஸ் செய்கிற ஸ்ட்ரைக்கர் அடுத்த வாய்ப்பில் ஒரு கணம் யோசிப்பார். யோசிக்கிற அந்தக் கணத்தில் டிஃபெண்டர் வந்துவிடுவார். ஆனால் எல்லாவற்றையும் மனசு மேல் போட்டுவிடுகிற விளக்கத்தை நான் நம்புவதில்லை. அது உண்மையானால் பெரிய மேடையில், ஆயிரம் கண்கள் பார்க்கும்போது இன்னும் மோசமாக ஆடியிருக்க வேண்டும். நடந்தது நேரெதிர்.

2012 ஏப்ரல் 24, பார்சிலோனா, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. டெர்ரி சிவப்பு அட்டை வாங்கியதால் செல்சி பத்துப் பேர். பார்சிலோனாவுக்கு இன்னொரு கோல் வேண்டும், மொத்த அணியும் செல்சி பாதியில். ட்ரோக்பாவுக்குப் பதிலாக வந்த டோரஸ், செல்சி காயநேரத்தில் உதைத்துத் துரத்திய பந்தை வாங்குகிறார். முன்னால் அரை மைதானம், கீப்பர் வால்டேஸைத் தவிர ஆளே இல்லை. ஓடினார், வால்டேஸைச் சுற்றினார், உள்ளே தள்ளினார். ஓல்ட் டிராஃபோர்டில் விட்ட அதே ஓட்டம், அதே சுற்றல். திருப்ப வேண்டாம், முறுக்க வேண்டாம், நேராக ஓடினால் போதும் என்கிற இடம் கிடைத்ததும் டோரஸ் டோரஸாக இருந்தார். அடுத்த வாரமே க்யூ.பி.ஆர். மேல் ஹாட்ரிக்.

மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அவரை 84ஆவது நிமிடம்தான் இறக்கினார்கள். ட்ரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்த அந்தக் கார்னரை வாங்கிக் கொடுத்தது டோரஸ்தான். கோப்பை வென்ற இரவிலேயே, அந்த சீசனில் தன்னை நடத்திய விதம் பற்றி மனக்கசப்பை வெளிப்படையாகச் சொன்னார். கொண்டாட்டத்தில் அபஸ்வரம் என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ அந்த நேர்மை பிடித்திருந்தது.

ஜூலையில் யூரோ இறுதி. இத்தாலிக்கு எதிராக 75ஆவது நிமிடம் உள்ளே வந்தார். ஒரு கோல் போட்டார், மாட்டாவுக்கு ஒன்று கொடுத்தார். இரண்டு யூரோ இறுதிகளில் கோல் போட்ட முதல் ஆள். மொத்தம் 189 நிமிடம் மட்டுமே ஆடி 3 கோல்; மூன்று கோல் போட்டவர்கள் ஆறு பேர் இருந்தும் தங்கக் காலணி இவருக்கு. இத்தாலி அன்று களைத்துப் போய், பத்துப் பேராகச் சுருங்கி, பின்னால் வயல் மாதிரித் திறந்து கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தற்செயல் சோதனை

ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாத சோதனையை 2012 நவம்பரில் செல்சியே செய்து காட்டியது. டி மத்தேயோவை நீக்கிவிட்டு, இடைக்காலப் பயிற்சியாளராக ரஃபா பெனிட்டஸைக் கொண்டுவந்தது. டோரஸை உருவாக்கியவர், அவர் ஓட்டத்தை விரல்நுனியில் வைத்திருந்தவர். செல்சி ரசிகர்கள் பெனிட்டஸை வெறுத்தார்கள், அது வேறு கதை. கேள்வி ஒன்றுதான்: பழைய குரு வந்தால் பழைய சிஷ்யன் வருவானா?

வரவில்லை. அந்த சீசனில் 36 லீக் ஆட்டங்களில் 8 கோல். பாஸ் கொடுக்க மாட்டா, ஹசார்டு, ஆஸ்கார் என்று மூன்று பேர் இருந்தும். ஐரோப்பிய ஆட்டங்களில் கதை கொஞ்சம் மாறியது. மூக்கு உடைந்து முகமூடி போட்டுக்கொண்டு ஆடிய மாதங்களில் யூரோப்பா லீக்கில் தொடர்ந்து கோல் விழுந்தது. ஆம்ஸ்டர்டாம் இறுதியில் பென்ஃபிகாவுக்கு எதிரான கோலைத் தேடிப் பாருங்கள்: செக் கையால் வீசிய பந்து, மாட்டாவின் ஒரு தட்டு, லுய்சாவோவை உதறிவிட்டு ஓட்டம், கீப்பரைச் சுற்றி, கோணம் சுருங்கிய இடத்திலிருந்து உள்ளே. மூன்றே தொட்டல், திறந்த வெளி. லீக்கின் வாராந்திரச் சுவர்களுக்கு முன்னால் மட்டும் அவரிடம் பதில் இல்லை. பயிற்சியாளர் மாறியும், பாஸ் கொடுப்பவர்கள் மாறியும் இது மாறவில்லை என்றால், மாறாமல் இருந்த ஒன்றைத்தான் காரணமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. அது அந்த மூட்டு.

லிவர்பூலின் பேரேட்டையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நியாயம். 3.5 கோடிக்கு வாங்கிய கரோல் 44 லீக் ஆட்டங்களில் 6 கோல் போட்டுவிட்டு வெஸ்ட் ஹாமுக்குப் போனார். கெடு நாளின் இரண்டு பெரிய தலைப்புச் செய்திகளும் ஊத்திக்கொண்டன. அதே நாளில் அமைதியாகக் கையெழுத்தான மூன்றாவது ஆள், அயாக்ஸிலிருந்து வந்த லூயிஸ் சுவாரஸ்தான், லிவர்பூலுக்கு உண்மையான லாபம். இன்னொரு பக்கம், 2013 மே மாதத்தில் சில நாட்கள் டோரஸும் மாட்டாவும் ஒரே நேரத்தில் உலகக் கோப்பை, யூரோ, சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக் நான்கிலும் நடப்புச் சாம்பியன்களாக இருந்தார்கள். தோல்வியின் உருவமாகக் காட்டப்பட்டவரின் அலமாரி அது. லிவர்பூலில் மூன்றரை வருடம் பறந்து பறந்து கோல் போட்டபோது ஒரு கோப்பையும் இல்லை.

2014இல் மிலான், பத்து ஆட்டம், ஒரு கோல். பேசுவதற்கு ஒன்றுமில்லை. 2015 ஜனவரியில் அத்லெட்டிகோவுக்கே திரும்பினார். வரவேற்க மட்டும் விசென்டே கால்டெரோன் மைதானத்தில் ஏறக்குறைய 45,000 பேர். ஜனவரி 15 அன்று ஸ்பெயினின் உள்நாட்டுக் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரேயில் ரியல் மாட்ரிடின் சொந்த மண்ணில் இரண்டு கோல், ஒவ்வொரு பாதியும் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே. பதுங்கிப் பாய்கிற, அத்லெட்டிகோ பயிற்சியாளர் சிமியோனேயின் ஆட்டம் அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 2018இல் லியோனில் யூரோப்பா லீக் கோப்பையைக் கேப்டன் காபியோடு சேர்ந்து தூக்கினார். கிளப்புக்கான கடைசி ஆட்டத்தில் ஏபார் மேல் இரண்டு கோல். அப்புறம் ஜப்பானில் சாகன் டோசு, 2019 ஆகஸ்டில் ஓய்வு. பிறகு 2021 முதல் 2024 வரை அத்லெட்டிகோவின் இளையோர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார்.

இந்த இரண்டாம் வருகையின் எண்களைச் செல்சி எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. செல்சியில் 110 லீக் ஆட்டம், 20 கோல். திரும்பி வந்த அத்லெட்டிகோவில் 107 லீக் ஆட்டம், 27 கோல். ஏழு கோல் வித்தியாசம். இங்கிலாந்தில் அதற்குக் கேலிப் படம் போட்டார்கள். மாட்ரிடில் அவர் பெஞ்சிலிருந்து எழுந்து உடற்பயிற்சி செய்தாலே அரங்கம் எழுந்து நின்று பெயர் சொல்லிக் கத்தியது. அத்லெட்டிகோ அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள டிரான்ஸ்ஃபர் பணமாக ஒரு பைசாவும் கொடுக்கவில்லை.